குருதியின் மீது ஒரு பழி

விமர்சனம் நூல்களோடு நின்றுவிடுவதன்று. ஒரு சமுதாயம் தன்னைப்பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களும் விமர்சனத்துக்கு உரியனவே. அச்சேறிய கதைகளைக் காட்டிலும் அச்சேறாத வாக்கியங்கள் பல வேளைகளில் மக்கள் சிந்தனையை ஆழமாக ஆள்கின்றன. அத்தகைய வாக்கியமொன்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். "எங்கட ஆக்களுக்கு இது இரத்தத்திலேயே இருக்கு" என்பதே அவ்வாக்கியம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் நம்மவரிடையே நீரிழிவைப்பற்றிப் பேச்செழும்போது இது முதலில் வந்து நிற்கின்றது. விடுமுறைக்கு ஊர் வருவோர் உறவினர் வீடுகளில் சீனியில்லாத் தேநீர் கேட்டு வாங்கும்போதும் இதுவே சொல்லப்படுகின்றது. கேட்போர் தலையசைக்கின்றனர். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகின்றது. மேற்கொண்டு ஒரு கேள்விக்கும் இடமின்றிப் பேச்சை முடித்துவைக்கும் வாக்கியம் எதுவாயினும் அதனை ஐயத்துடன் நோக்குவது நமது கடமையாகும்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்கே ஞாயிறு படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். உன்னிச்சை படுவான்கரையின் உட்புறத்தே, பெருங்குளமொன்றின் பெயரால் அறியப்படும் விவசாய ஊர். குளத்து நீரையும் வேளாண்மையையும் பேசவேண்டிய இடத்திலிருந்து கடல்கடந்தோரின் நோயைப் பேசுவானேன் என வாசகர் வினவலாம். தம்மவர் ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் இன்று படுவான்கரையிலும் பல. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அகதிகளாய்ச் சென்றோர் ஒருபுறம். கட்டார், குவைத், சவூதி அரேபியா முதலிய நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாயும் கட்டடத் தொழிலாளராயும் சென்றோர் மறுபுறம். நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்போரிற் சிலரும் நாளை அவ்வழியே செல்லக்கூடியவர். தம் உடலைப்பற்றி எந்த வாக்கியத்தை அவர்கள் எடுத்துச்செல்லப் போகின்றனர் என்பது ஆசிரியர்க்கு அக்கறையற்ற விடயமாதல் இயலாது.

*

முதலில் உண்மையை உண்மையென ஒப்புக்கொள்வோம். கணையம் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள சீனியை உடலின் உயிரணுக்களுக்குள் புகவிடும் திறவுகோல் போன்றது. திறவுகோல் குறைந்தாலும் பூட்டு இறுகினாலும் சீனி குருதியிலே தேங்குகின்றது. ஆண்டுகள் பல செல்லக் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் இதயமும் பழுதடைகின்றன. நடுத்தர வயதில் வரும் இவ்வகை நீரிழிவு, புலம்பெயர்ந்த தெற்காசியரிடையே மிகுதியென்பது கட்டுக்கதையன்று.

இலண்டன் மாநகரின் சவுத்தோல் பகுதியில், பெரும்பாலும் பஞ்சாபியர் வாழும் இடத்தில், நடத்தப்பட்ட கணக்கெடுப்பொன்று 1985ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வயதைச் சமப்படுத்தி நோக்கியபோது, அங்கு ஆசியரிடையே நீரிழிவு ஐரோப்பியரைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறியோரை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, தெற்காசியாவிலிருந்து வந்தோர்க்கு உள்ள அபாயம் மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்தோர்க்கு உள்ளதைவிட மூன்று முதல் நான்கு மடங்கு எனக் காட்டிற்று. நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் நடந்த ஆய்வுகளில் இலங்கையர் தனிக் குழுவாகவே கணக்கிடப்பட்டு, நோர்வேயரைவிட நீரிழிவு மிக்கவராகக் காணப்பட்டனர்.

இதனோடு இன்னொரு செய்தியும் சேர்கின்றது. உடலின் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணைக் கொண்டே மருத்துவர் பருமனை அளக்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியரைப் பொறுத்தவரை 23 என்ற எண்ணிலேயே எச்சரிக்கை தொடங்கவேண்டுமென 2004ஆம் ஆண்டில் கூறிற்று. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டில் வெளியான பேராய்வொன்றின்படி, வெள்ளையர்க்கு 30 என்ற எண்ணில் உள்ள நீரிழிவு அபாயம் தெற்காசியர்க்கு 23.9 இலேயே வந்துவிடுகின்றது. அதாவது, கண்ணுக்கு மெலிந்தவராய்த் தோன்றும் நம்மவர் மருத்துவக் கணக்கில் மெலிந்தவரல்லர்.

இவ்வளவும் உண்மை. ஆயின், உண்மையொன்றை ஒப்புக்கொள்வது வேறு, அதற்குக் கூறப்படும் காரணத்தை ஏற்றுக்கொள்வது வேறு. எண்களுக்குக் காரணம் கூறும் இடத்திலேதான் சமுதாயப் பார்வை நுழைகின்றது.

*

கூறப்படும் காரணங்களில் முதலாவது, குருதி. இதற்கு விஞ்ஞான உடையும் உண்டு. 1962ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நீல் என்னும் அமெரிக்க மரபியலாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பஞ்சமும் மிகுதியும் மாறிமாறி வந்த பழங்காலத்தில், கிடைத்த உணவைச் சிக்கனமாகச் சேமித்துவைக்கும் உடலினரே பிழைத்தனர். அந்தச் சிக்கனமே, உணவு மலிந்த காலத்தில் நோயாகின்றது என்பது அவர் கருத்து. அழகான கருத்துத்தான். நீல் தாமே பின்னாளில் இதனைத் திருத்தவேண்டியவரானார். ஆனால் கிளினிக்குகளின் வாசலிலும் கல்யாண வீடுகளிலும் அது திருத்தமின்றியே உலவுகின்றது. நமது இனம் பஞ்சத்துக்கென்றே படைக்கப்பட்டது, வயிறு நிறைந்தால் நோய்தான் என்பது போன்ற ஒரு தலைவிதித் தத்துவமாக அது இறங்கிவிட்டது. கர்மவினைக் கோட்பாட்டை எதிர்த்து வளர்ந்த தலைமுறையினர், அதே கோட்பாடு மரபணு என்னும் பெயரில் மீண்டும் வரும்போது வரவேற்று இருக்கை இடுகின்றனர்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்பது நமது வாதமன்று. ஒரு குடும்பத்தில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை எவரும் காணலாம். விதைநெல்லில் முளைக்கும் ஆற்றல் இருக்கின்றது. எனினும் வயலில் நீர் பாயாதவரை அது முளைப்பதில்லை. முளைத்ததற்கு விதையை மட்டும் காரணமாகக் கூறி, மதகைத் திறந்தவரை மறைத்துவிடுவது நேர்மையாகாது.

மூன்று சான்றுகளை நோக்குவோம். முதலாவது மொரீசியஸ். 1987ஆம் ஆண்டில் அத்தீவில் நடத்தப்பட்ட ஆய்வில் இந்திய வம்சாவளி இந்துக்களிடையே நூற்றுக்கு 12.4, முஸ்லிம்களிடையே 13.3, ஆபிரிக்க வழிவந்த கிரியோல் மக்களிடையே 10.4, சீனரிடையே 11.5 என நீரிழிவு காணப்பட்டது. இந்தியா, ஆபிரிக்கா, சீனா ஆகிய மூன்று நிலப்பரப்புகளிலிருந்து வந்தோர் ஒரே சீனித் தீவில் ஏறத்தாழ ஒரே அளவு நோயுற்றனரெனில், குற்றம் எந்தக் குருதியினது?

இரண்டாவது தமிழ்நாடு. மருத்துவர் ராமச்சந்திரனும் குழுவினரும் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, சென்னை நகரத்தாரிடையே நீரிழிவு நூற்றுக்கு 8.2. கிராமத்தாரிடையே 2.4. இரு சாராரும் தமிழர். ஒரே குருதிதான். நகருக்கும் கிராமத்துக்கும் இடையிலுள்ள தூரமே மூன்று மடங்குக்கு மேலான வேறுபாட்டைச் செய்திருக்கின்றது.

மூன்றாவது சான்று நமக்கு மிகத் தொலைவிலுள்ளது. ஆயினும் உன்னிச்சை வாசகர்க்கு அதுவே மிக நெருக்கமானதாகத் தோன்றக்கூடும். அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் பீமா என்னும் பழங்குடியினர் கீலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்து வாழ்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக் குடியேற்றக்காரர் ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் திருப்பிக்கொண்டனர். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. பின்னர் அரசாங்கத்தின் உதவியாக மாவும் சீனியும் கொழுப்பும் வந்தன. இன்று உலகிலே நீரிழிவு மிகமிக அதிகமான மக்களுள் அவரும் ஒருவர். அவர்தம் இரத்த உறவினரான பீமா மக்கள் மெக்சிக்கோவின் மலைப்பகுதியில் இன்றும் உடலுழைப்போடு வேளாண்மை செய்து வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டில் வெளியான ஒப்பாய்வு, மெக்சிக்கோவின் பீமா மக்களிடையே நூற்றுக்கு 6.9 என்றும் அரிசோனாவின் பீமா மக்களிடையே 38 என்றும் கண்டது. நீர் பறிக்கப்பட்ட குடியானவன் நோயாளியானான். நீரோடு இருந்தவன் பெரும்பாலும் தப்பினான். குளத்தை நம்பி வாழும் நமக்கு இதற்கு உரை எழுதவேண்டிய தேவையில்லை.

*

இரண்டாவதாகக் கூறப்படும் காரணம் நாக்கு. சோறு அதிகம், இனிப்பு அதிகம், அசைவு குறைவு என்பது. குருதியைப் பழிப்பவன் விதியைச் சொல்கின்றான். நாக்கைப் பழிப்பவன் பாவத்தைச் சொல்கின்றான். இரண்டிலும் குற்றவாளி நோயாளியே.

பணக்கார வியாதி என்னும் பழைய பெயர் இப்பழிக்குத் துணைநிற்கின்றது. அப்பெயருக்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. மதுமேகம் என்று சுசுருதர் குறித்த இந்நோய், உண்டு அமர்ந்திருப்போரின் நோயாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1907ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர்கள் வெப்பநாடுகளின் நீரிழிவைப்பற்றி விவாதித்தபோதும், அவர்கள் கண்முன் நின்றவர் வங்காளத்தின் கற்ற உத்தியோகத்தரும் செல்வருமே. ஆயின் இன்று சுவிற்சர்லாந்தின் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவனுக்கும், குவைத்தில் பிறர் வீட்டைத் துடைப்பவளுக்கும் அதே நோய் வருகின்றது. செல்வம் கீழே இறங்கிவரவில்லை. நோய் மட்டும் இறங்கிவந்திருக்கின்றது. பழைய பெயர் மட்டும் மாறாதிருப்பது எவர்க்கு வசதி?

புலம்பெயர்ந்த தமிழனின் நாக்கைப் பழிப்போர், உலகத்துச் சீனியை விளைவித்தவர் யார் என்பதை நினைவுகூர்தல் நன்று. அடிமை முறையைப் பிரித்தானியா சட்டத்தால் ஒழித்தபின், கரும்புத் தோட்ட முதலாளிகள் புதிய கைகளைத் தேடினர். 1834ஆம் ஆண்டிலிருந்து மொரீசியசுக்கும், 1860ஆம் ஆண்டிலிருந்து தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கும், 1879ஆம் ஆண்டிலிருந்து பீஜிக்கும் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். நேட்டாலை அடைந்த முதற் கப்பல் சென்னையிலிருந்தே சென்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் இன்னும் பலரைக் கப்பலேற்றியது. இலங்கையின் மலைகளுக்கும் அனுப்பிற்று. கரும்பு வெட்டிய தமிழனின் சீனியும், மலையகத்தில் கொழுந்து கிள்ளிய தமிழச்சியின் தேயிலையும் ஆங்கிலத் தொழிலாளியின் கோப்பையில் ஒன்றுகலந்தன. மலிவான சீனி எவ்வாறு அத்தொழிலாளியின் அன்றாட உணவாயிற்று, அதனால் ஆலை முதலாளி எவ்வாறு பயனடைந்தான் என்பதைச் சிட்னி மின்ட்ஸ் என்னும் மானிடவியலாளர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

நேட்டாலில் கரும்பு வெட்டியவர் சோம்பேறியல்லர். ஞாயிறு எழமுன் எழுந்து, ஞாயிறு பட்டபின் திரும்பியவர். அவர்தம் பேரப்பிள்ளைகள் டர்பன் நகரில் குடியேறியபின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவர் கேம்பெல் அவர்களிடையே நீரிழிவு பெருகியிருப்பதைக் கண்டார். அக்கரையில் ஊரிலிருந்து நகருக்கு வந்த சூலு மக்களிடையேயும் ஏறத்தாழ இருபதாண்டு நகர வாழ்வின் பின் அந்நோய் தலைகாட்டுவதை அவர் குறித்தார். புலம்பெயர்ச்சிக்கும் நோய்க்கும் இடையே இருபதாண்டு இடைவெளி உண்டு என்னும் அக்கணக்கு, 1983ஆம் ஆண்டின் பின் ஊர்விட்டோரின் வரலாற்றை அறிந்தோர்க்கு ஆழ்ந்த சிந்தனையைத் தரவேண்டும்.

*

குருதியும் நாக்கும் அல்லவெனில், மெலிந்த உடலில் ஏன் இந்நோய் எனக் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. ஒன்ராறியோ ஆய்வாளர்கள் வருமானத்தையும் கல்வியையும் கணக்கிற் கொண்டபின்னரும் தெற்காசியரின் அபாயம் உயர்ந்தே நின்றது. வறுமையே காரணம் என்று எளிதாகச் சொல்லித் தப்பிக்கொள்ள நமக்கும் உரிமையில்லை.

இவ்விடத்தில் அண்மைக்கால ஆய்வுகள் ஒரு வழியைக் காட்டுகின்றன. ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர் 1992ஆம் ஆண்டில், தாயின் கருப்பையில் பட்டினி கிடந்த சிசுவின் கணையமும் தசையும் அப்பட்டினிக்கு ஏற்ப அமைகின்றன என்றும், பின்னாளில் உணவு மிகும்போது அவ்வமைப்பே நோய்க்கு வழிவகுக்கின்றது என்றும் கூறினர். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் ஒல்லாந்தின் உணவுப் பாதையை அடைத்தன. அப்பஞ்சத்திற் கருவிலிருந்தோர் ஐம்பது வயதை எட்டியபோது அவர்தம் உடல் சீனியைத் தாங்கும் ஆற்றல் குன்றியிருந்தமையை 1998ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. அவர்கள் வெள்ளையர், ஐரோப்பியர். பட்டினி இனம் பார்ப்பதில்லை.

புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக் இதனை நம் நாட்டுப்புறத்துக்குப் பொருத்திப் பார்த்தார். கிராமத்துத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைந்தவை. ஆயினும் குறைந்தது தசையே. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த உருவத்துள் கொழுத்த உடல். அவரும் ஓர் ஆங்கிலேய நண்பரும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படமொன்று 2004ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் வெளியாகிப் புகழ்பெற்றது. இருவருக்கும் பருமன் எண் 22.3. எனினும் ஆங்கிலேயரின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலில் 21.2.

இவ்விளக்கம் முழு விடையென்று நாம் கூறவில்லை. அறிஞரிடையே விவாதம் தொடர்கின்றது. ஆனால் அது கேள்வியையே மாற்றிவிடுகின்றது என்பதைக் காணவேண்டும். இரத்தத்தில் இருக்கின்றது என்று நாம் சொல்வதிற் பெரும்பகுதி, பாட்டியின் பட்டினியாகவும் தாயின் சோகையாகவும் இருக்கலாம். பஞ்சத்திற் கப்பலேறியவளின் வயிற்றிலும், தோட்டத்து லயத்தில் அரை வயிற்றோடு கொழுந்து கிள்ளியவளின் வயிற்றிலும் எழுதப்பட்ட கணக்கு அது. வருமானம் கேட்கும் படிவத்தில் பாட்டியின் கூலிக்கு இடமில்லை. ஆகவே ஆய்வாளரின் சமன்பாட்டில் அது மறைந்து, இனம் என்னும் பெயரோடு மறுபக்கம் வெளிப்படுகின்றது. குருதி என்று நாம் கூறுவது உண்மையில் வரலாறு. இக்கட்டுரை கூறவிரும்பும் கருத்து இதுவே.

*

வரலாறு முடிந்த கதையன்று. புலம்பெயர்ந்தவன் இன்று வாழும் நாளையும் நோக்கவேண்டும். ஊரில் பயண முகவரிடம் பட்ட கடன், அகதி விண்ணப்பத்துக்கு விடையின்றிக் கழிந்த ஆண்டுகள், பகலிலொரு வேலை, இரவிலொரு வேலை, குளிர்காலத்தில் ஞாயிற்றைக் காணாத மாதங்கள், வேலையிடத்தில் எஞ்சியதை நின்றபடியே உண்ணல், உறக்கம் துண்டுதுண்டாதல். அமெரிக்கத் தாதியரைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு, சுழற்சி முறை இரவுப்பணியின் ஆண்டுகள் கூடக்கூட நீரிழிவின் அபாயமும் கூடுவதை 2011ஆம் ஆண்டில் உறுதிப்படுத்திற்று. நம்மவர் எத்தனைபேர் இரவுப்பணியாளர் என்பதைப் பாரிசிலோ சூரிச்சிலோ உறவினருள்ள எவரும் விரல்விட்டு எண்ணலாம்.

இவர்தம் கையில் கொடுக்கப்படும் அறிவுரைத் தாள் என்ன கூறுகின்றது? சோற்றைக் குறையுங்கள், நாள்தோறும் அரைமணி நேரம் நடவுங்கள், மனக்கவலையைத் தவிருங்கள். இவ்வறிவுரை பொய்யன்று. சென்னையில் நடந்து 2006ஆம் ஆண்டில் வெளியான தடுப்பாய்வில், உணவையும் நடையையும் ஒழுங்குசெய்தோரிடையே மூன்றாண்டில் நீரிழிவு நூற்றுக்கு 28.5 குறைந்தது. மாத்திரை உண்டோரிடையே கிடைத்த பயனும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே நடை பயன் தரும். நடப்பதற்கான அரைமணி நேரம் எவர் கையில் இருக்கின்றது என்பதே வினா. தாளை எழுதியவர்க்கு அது இருந்தது. இரண்டு வேலை செய்பவனுக்கு அது கூலியாக விற்கப்பட்டுவிட்டது. கடவுச்சீட்டை எசமானியின் பெட்டியில் வைத்துவிட்டு, வாசற்படி தாண்ட அனுமதியின்றிப் பணிபுரியும் பணிப்பெண்ணுக்கு நடக்கச் சொல்வது கேலியாகும்.

மான்செஸ்டர் நகரின் தொழிலாளர் நிலையை 1845ஆம் ஆண்டில் எழுதிய எங்கெல்ஸ், அங்கு குடியேறிய அயர்லாந்துக்காரரின் நோய்களை அவர்தம் இனத்தோடு நிறுத்திவிடாது, வீட்டிலும் கூலியிலும் தேடினார். மூன்றாண்டு கழித்து, மேல் சிலேசியாவின் காய்ச்சலை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் விர்ச்சோ, மருந்தோடு கல்வியும் சுதந்திரமும் வேண்டுமென்று அறிக்கை எழுதினார். இப்பாதை புதியதன்று. நாம் அதைவிட்டு விலகிவிட்டோம் என்பதே குறை.

*

இனி நமது இலக்கியத்துக்கு வருவோம். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் அல்லலுற்ற பெண்களை எண்ணிப் பாரதி பாடினான். கடல்கடந்த உடலின் துன்பத்தை நவீன தமிழ்க் கவிதை பேசத் தொடங்கியது அங்கேயே எனலாம். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிப் பெண்ணொருத்தியைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச்சென்று, அவள் உடல் எவ்வாறு சுரண்டப்பட்டு நோயுற்றது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதினார். சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கத்தில் நின்றுகொண்டே மலையகத்தின் வாழ்வை எழுத்தாக்கினார். இம்மரபில் உடலும் உழைப்பும் பிரிக்கப்படவில்லை.

1983ஆம் ஆண்டின் பின் எழுந்த புலம்பெயர் இலக்கியம் நமக்குப் பெருமை தருவது. போரின் நினைவு, பனியின் தனிமை, அகதியின் அவமானம், மொழியற்ற பிள்ளைகளின் விலகல் ஆகியவற்றை அது வலிமையோடு பதிவுசெய்தது. எனினும் பெரும்பாலான கதைகளில் மனம் புலம்பெயர்கின்றது. உடல் எங்கோ விடப்பட்டுவிடுகின்றது. நீரிழிவு வருமிடத்தும் அது முதுமையின் அடையாளமாகவோ நகைச்சுவையாகவோ வந்துபோகின்றது. பலகாரத் தட்டைக் கண்டு ஏங்கும் மாமா, ஊசியை மறந்த அப்பா. அவர் ஏன் நாற்பது வயதிலேயே நோயுற்றார், எந்தச் சமையலறையின் எத்தனை இரவுகள் அவர் கணையத்தைத் தின்றன எனக் கேட்கும் கதைகள் அரிது. யதார்த்தவாதம் என்பது தெருவின் பெயரைச் சரியாக எழுதுவதன்று, காரணத்தைக் காட்டுவது. இக்குறையை நாம் பகையோடு சுட்டவில்லை. நல்ல மரபொன்றின் வாரிசுகளிடம் அம்மரபின் முழுமையையும் கேட்கின்றோம்.

இக்கேள்வி ஊரிலிருக்கும் எழுத்தாளருக்கும் உரியதே. புலம்பெயர்ச்சி கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குவதன்று. 1990ஆம் ஆண்டிலும், மீண்டும் 2007ஆம் ஆண்டின் முற்பகுதியிலும், படுவான்கரை மக்கள் பல்லாயிரவர் வயலையும் மாட்டையும் விட்டு வாவியைக் கடந்து முகாம்களில் ஒதுங்கினர். நெல் விளைவித்தவர் வரிசையில் நின்று நிவாரணமாகப் பெற்றவற்றுள் கோதுமை மாவும் சீனியும் இருந்தன. பசியை அவை போக்கின. அதற்கு நன்றி கூறலாம். ஆயினும் அரிசோனாவின் பீமா மக்களை நினைவில் வைத்திருப்போர், நன்றியோடு சேர்த்து ஒரு கணக்கையும் எழுதிவைக்கவேண்டும்.

கணக்கு ஏற்கெனவே வரத்தொடங்கிவிட்டது. 2005-06 இல் நடந்த நாடளாவிய ஆய்வில் இலங்கையின் வயதுவந்தோரிடையே நீரிழிவு நூற்றுக்கு 10.3 ஆக இருந்தது. நகரில் 16.4, கிராமத்தில் 8.7. 2018-19 இல் நடந்த இன்னொரு நாடளாவிய ஆய்வு 23 எனக் கண்டது. இலண்டனுக்குச் சென்றவரின் நோய் என நாம் கருதியது, எவரும் கப்பலேறாமலே ஊருக்குள் வந்துவிட்டது. நிலத்திலிருந்தும் தன் உணவிலிருந்தும் தன் நேரத்திலிருந்தும் பெயர்க்கப்பட்டவன் எங்கிருந்தாலும் புலம்பெயர்ந்தவனே.

*

இன்சுலின் கண்டறியப்பட்ட நகரம் ரொறன்ரோ. 1921ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதற்கான ஆய்வைத் தொடங்கினர். 1922ஆம் ஆண்டு சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அடுத்த ஆண்டு காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே விற்றுவிட்டனர். உயிர்காக்கும் மருந்து எவரதும் தனிச்சொத்தாகக்கூடாது என்னும் எண்ணத்தின் அடையாளம் அந்த ஒரு டொலர். இன்று உலகின் மிகப்பெரிய ஈழத்தமிழ்க் குடியிருப்புகளுள் ஒன்று அதே நகரில் இருக்கின்றது. அதே மருந்து, எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்காவில், காப்புறுதியற்ற ஏழைகள் அளவைக் குறைத்து ஏற்றிக்கொள்ளும் நிலைக்கு விலையேறிய வரலாறும் உண்டு. நமது நாட்டின் இலவச மருத்துவம் பல்லாண்டுப் போராட்டத்தின் பயன்; 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்தபோது அதன் பெறுமதி அனைவர்க்கும் விளங்கிற்று.

ஆகவே செய்யவேண்டியது யாது? பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நடவுங்கள், தவிட்டரிசியும் குரக்கனும் உண்ணுங்கள் என நம் மக்களிடம் கூறுவோம்; வெளிநாட்டிலுள்ள உறவினர் முப்பது வயதிலேயே, மெலிந்திருந்தாலும், குருதியைச் சோதித்துக்கொள்ள வேண்டுமென வற்புறுத்துவோம். அதனோடு நின்றுவிடலாகாது. கருவுற்ற தாயின் போசாக்கை அரசின் முதற் கடனாகக் கேட்கவேண்டும். வெளிநாட்டுப் பணிப்பெண்ணுக்கு ஓய்வுநாளும் கடவுச்சீட்டும் தன் கையில் இருக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் கேட்கவேண்டும். இரவுப்பணியாளரின் ஓய்வையும் மருத்துவத்தையும் அங்குள்ள தொழிற்சங்கங்களில் நம்மவர் எழுப்பவேண்டும். மொரீசியஸ் அரசாங்கம் 1987ஆம் ஆண்டில் மக்கள் வாங்கும் சமையல் எண்ணெயின் கலவையையே மாற்றி, ஐந்தாண்டில் மக்கள் குருதியிற் கொலஸ்டரோலைக் குறைத்துக் காட்டிற்று. நீரிழிவு அதனாற் குறைந்துவிடவில்லை எனினும், சமையலறை தனிமனிதனின் ஒழுக்கத்தால் மட்டும் ஆளப்படுவதன்று என்பதற்கு அது சான்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இன்னுமொரு பணியுண்டு. விஞ்ஞான பாடத்தில் கணையத்தைக் கற்பிக்கும்போதே வரலாற்றுப் பாடத்தில் கரும்புத் தோட்டத்தையும் கற்பிப்போம்; பாரதியின் பீஜிப் பாடலை விளக்கும்போது டர்பனின் புள்ளிவிவரத்தையும் கரும்பலகையில் எழுதுவோம். இனிமேல் எவரேனும் இது எங்கள் இரத்தத்திலேயே இருக்கின்றது என்று கூறினால், ஆம், ஆனால் அதை அங்கு வைத்தவர் யார் என்று கேட்கும் பிள்ளைகள் உன்னிச்சையிலிருந்தும் புறப்படட்டும். அவர்களுள் ஒருவரேனும் அக்கேள்வியைக் கதையாக எழுதுவாராயின், நமது இலக்கியம் தன் கடமையில் ஒரு பகுதியை ஆற்றியதாகும்.